‘அடுத்த வாரம் வாருங்கள்’: மருந்து இருப்பைப் பார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக் கொள்முதலையும் இருப்பையும் வினியோகத்தையும் முடிவு செய்யும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. உங்கள் கையெழுத்து கடைசியாக வந்து சேரும் இடத்தைத்தான் பார்த்திருக்கிறேன். மருந்து கொடுக்கும் சன்னல். உள்ளே இருப்பவர் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பார், மூடுவார், “இன்சுலின் வரவில்லையே, அடுத்த வாரம் வாருங்கள்” என்பார். குரலில் வருத்தம்கூட இருக்கும். அவரிடம் எனக்குச் சண்டை இல்லை. வராததை அவர் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? அந்த ‘அடுத்த வாரம்’ மேலே எங்கேயோ முடிவானது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு வாரம் தாமதமானால் சமாளித்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் நிறைய உண்டு. இன்சுலின் அந்த வரிசையில் இல்லை. அதை நம்பி இருக்கும் ஆளுக்கு அடுத்த வாரம் என்று ஒன்று வராமலே போகலாம். மிகைப்படுத்துகிறாள் என்று தோன்றும். சரி, கணக்காகவே சொல்கிறேன்.

எனக்கு முதல் வகை நீரிழிவு வந்தபோது வயது 11. டைப் 1 என்று நாங்கள் சொல்வது. இப்போது 35. ஒரு நாளைக்கு நான்கு ஊசி என்று வைத்துப் பெருக்கினால் 35,000-ஐத் தாண்டுகிறது. கணையத்தில் திட்டுத் திட்டாகச் சில செல்கள் இருக்கின்றன. 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து எழுதி வைத்தார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தத் திட்டுகளில் இருக்கும் பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரப்பவை. கிருமியை அடிக்க வேண்டிய என் உடலின் காவல்படை, என்ன குழப்பமோ, அந்தச் செல்களையே அடித்துத் தீர்த்துவிட்டது. நான் இனிப்பு தின்றதால் வரவில்லை, ஓடியாடாமல் இருந்ததால் வரவில்லை. இதை நான் வாழ்நாளில் எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன் என்பதற்கு மட்டும் பெருக்கல் கணக்கு என்னிடம் இல்லை.

உங்கள் பதிவேட்டிலும் இதே குழப்பம் இருக்கிறது. ‘சர்க்கரை நோயாளிகள்’ என்று ஒரே தலைப்பு, அதன் கீழே எல்லோரும். நீரிழிவு உள்ளவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். அவர்களில் பலருக்கு மாத்திரை போதும். சிலருக்கு இன்சுலினும் வேண்டும். நாங்கள் சிறு கூட்டம். நீரிழிவு மருந்துகள் பத்தில் ஒன்பது கைவசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் 90 சதவீதம் என்று போட்டுவிடலாம், பார்க்க அழகாக இருக்கும். இல்லாத அந்த ஒன்று இன்சுலினாக இருந்தால், எங்களைப் பொறுத்தவரை இருப்பு பூஜ்யம்.

இதன் விளைவை ஒருமுறை சன்னலிலேயே கேட்டேன். இன்சுலின் தீர்ந்துபோயிருந்தது. “வரும்வரைக்கும் மாத்திரை தருகிறேன், போட்டுக்கொள்ளுங்கள்” என்றார்கள். உதவி செய்யும் நினைப்பில்தான் சொன்னார்கள். அந்த மாத்திரைகளில் சில, கணையத்தைத் தூண்டி இன்னும் கொஞ்சம் இன்சுலின் சுரக்க வைக்கும். சில, இருக்கும் இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும். இரண்டுக்கும் உள்ளே இன்சுலின் கொஞ்சமாவது இருக்க வேண்டும். எனக்குள் அது இல்லை. வற்றிப்போன கிணற்றில் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் இறக்கினாலும் காற்றுதான் வரும்.

இனி அந்த ‘ஒரு வாரம்’ எப்படிப் போகும் என்று சொல்கிறேன். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எனக்கு 19 வயதில் நடந்தது.

அந்த முறை இருப்பு தொடர்ந்து மூன்று வாரம் வரவில்லை. வெளியில் வாங்க வீட்டில் பணம் இல்லை. என் கையில் பாதிக்கும் குறைவான ஒரு குப்பி. நான் செய்ததை எங்களில் பலர் செய்திருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. நாங்கள் அதை ‘நீட்டுவது’ என்போம். 18 யூனிட் போட வேண்டிய இடத்தில் 10. சாப்பாட்டு ஊசியைத் தவிர்க்கச் சாப்பாட்டையே தவிர்ப்பது. சாப்பிடாவிட்டால் இன்சுலின் வேண்டாம் என்று நினைத்தேன். அது தப்பு. ஒரு வாய் உண்ணாவிட்டாலும் உடல் உயிரோடு இருக்கக் கொஞ்சம் இன்சுலின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கல்லீரல் தன்பாட்டுக்குச் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

முதல் இரண்டு நாள் தாகம் மட்டும்தான். செம்பு செம்பாகத் தண்ணீர், அப்புறம் கழிவறை, மறுபடி தண்ணீர். இரத்தத்தில் சர்க்கரை வழிந்தோடுகிறது, போதிய இன்சுலின் இல்லாததால் செல்லுக்குள் நுழைய வழியில்லை. பந்தி நிறையச் சோறு இருக்க வாயைத் தைத்து உட்கார வைத்ததுபோல. உடல் வேறு வழியில்லாமல் கொழுப்பை உடைத்து எரிக்கத் தொடங்குகிறது. அதில் வரும் கீட்டோன்கள் சேரச் சேர இரத்தம் அமிலமாகிறது. நான்காம் நாள் வாந்தி. வயிற்றுவலி. என் மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அடித்ததாக அம்மா பிறகு சொன்னார். ஐந்தாம் நாள் காலை, படுத்திருக்கும்போதே மலை ஏறியவள்போல மூச்சு வாங்கியது. இந்த மூச்சுக்கு ஒரு பெயர்கூட உண்டு, 1874-ல் இதை விவரித்த அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவரின் பெயர். அவர் காலத்தில் இந்த மூச்சு வந்தால் அடுத்தது மயக்கம், அதற்கடுத்தது மரணம். வேறு கதை கிடையாது.

என் கதை வேறாகப் போனது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள். ஒரு கையில் உப்பு நீர், இன்னொன்றில் இன்சுலின் சொட்டு, மணிக்கொரு தடவை சர்க்கரை, இடையிடையே பொட்டாசியம். கண் விழித்ததும் எனக்கு உறைத்தது அந்தச் சொட்டுதான். அதே வளாகத்தில், மேல்மாடியில், இன்சுலின் இருந்தது! உள்நோயாளிகளுக்கென்று ஒதுக்கியது. கீழே சன்னலில் இருந்தவரிடம் இல்லை, அவர் கணக்கு வேறு. மேலே இருந்து ஒரு குப்பி கீழே இறங்க விதி இடம் கொடுக்கவில்லை. ஆனால் நான் குற்றுயிராக மேலே ஏற விதி இடம் கொடுத்தது. அந்த மூன்று நாள் செலவில் எனக்கு எத்தனை மாதத்துக்கு இன்சுலின் கொடுத்திருக்கலாம் என்று உங்கள் கணக்காளர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

நான் நீட்டினேன், அதனால் ஐந்து நாள் ஆனது. இன்சுலின் முழுவதுமாக நின்றால் அவ்வளவு நேரம் கிடைக்காது. ஒரு நாளிலேயே நிலைமை கைமீறிவிடலாம். ஊசிக்குப் பதிலாகக் குழாய் வழியே இன்சுலினை விட்டுக்கொண்டே இருக்கும் பம்பு வைத்திருப்பவருக்கு இன்னும் குறைவு. அவர் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும் இன்சுலின் இல்லை, குழாய் அடைத்தால் சில மணிநேரத்திலேயே கீட்டோன் ஏறும்.

சரி, எவ்வளவு தேவை என்று முன்கூட்டியே எப்படித் தெரியும் என்பீர்கள். எல்லா மருந்தையும்விட இதற்குத்தான் எளிது. எங்களுக்கு இது திடீரென்று தேவைப்படுவதும் இல்லை, தேவைப்படாமல் போவதும் இல்லை. முதல் வகை உள்ள பெரியவர் ஒருவருக்குத் தோராயமாக ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட். 60 கிலோ ஆளுக்கு 30 முதல் 60. ஆளை எண்ணினால் மருந்தை எண்ணிவிடலாம். கொள்ளை நோய்போல ஏறி இறங்கும் கணக்கு இல்லை.

ஆனால் எண்ணும்போது ஒரு இடத்தில் தொடர்ந்து தவறுகிறீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதில்தான் குழந்தைகள் மாட்டிக்கொள்கிறார்கள். மில்லிக்கு 100 யூனிட் உள்ள 10 மில்லி குப்பி ஒன்றில் 1,000 யூனிட். சின்னக் குழந்தைக்கு நாளைக்கு 10 யூனிட் என்றால், காகிதத்தில் அந்தக் குப்பி 100 நாள் வரும். “போன மாதம்தானே வாங்கினீர்கள்?” என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்பியதை வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். குப்பியோடு வரும் தாளைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான வகைகளை முதல் ஊசி குத்திய நாளிலிருந்து 28 நாள்தான் பயன்படுத்தலாம் என்று இருக்கும். அப்புறம் வீரியம் குறையலாம், கிருமி சேரலாம். அந்தக் குழந்தை 280 யூனிட் எடுத்திருக்கும், மீதி 720 குப்பையில். வீண்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழி 3 மில்லி, 300 யூனிட் குழல்களை, இன்சுலின் பேனாவில் பொருத்திக் குத்தும் சின்னக் குப்பிகளை, வாங்குவது. தாயிடம் மீதியையும் பயன்படுத்தச் சொல்வது வழியில்லை. வீரியம் போன இன்சுலினும் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தைக்குச் சர்க்கரை 400-ஐத் தாண்டும்போதுதான் தெரியும்.

இன்னொரு விஷயம், “ஏதோ ஒரு இன்சுலின் இருக்கிறதே” என்பது. இருக்கிறதுதான். எல்லாம் ஒன்றில்லை. வழக்கமான மனித இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்னால் போட வேண்டும், ஆறு முதல் எட்டு மணிநேரம்வரை இருக்கும். விரைவு வகையைப் போட்டுக் கால் மணியில் சாப்பிடலாம், நான்கைந்து மணியில் அடங்கிவிடும். இரவு போடும் நீண்டநேர வகைகளில் சில, நாள் முழுக்கச் சமமாக ஓடும். பால்போலக் கலங்கலாக இருக்கும் என்.பி.ஹெச். வகையோ நடுவில் உச்சத்துக்குப் போய் இறங்கும். அந்த உச்சம் வருவது பெரும்பாலும் நாங்கள் தூங்கும் நேரத்தில். ஒப்பந்தம் மாறியதால் ஒரு மாதம் அது, மறு மாதம் இது என்று மாற்றிக் கொடுக்கும்போது, புது வகைக்கு ஏற்ப அளவை மாற்றிச் சொல்ல யாரும் இல்லாவிட்டால், விடிகாலை மூன்று மணிக்கு ஒருவர் வியர்த்து நடுங்கி எழுவார். எழுந்தால் நல்லது.

இதை நாங்கள் ‘லோ’ என்போம். சர்க்கரை 70-க்குக் கீழே போவது. கை நடுங்கும், பசி பிடுங்கும், சின்னக் கூட்டல்கூட வராது. ஒருமுறை என் வீட்டுக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இன்னும் இறங்கினால் வலிப்பு, மயக்கம். அதனால்தான் ஊசியும் சோதனையும் எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். இன்சுலினை வாங்கிவிட்டு, குளுக்கோமீட்டர் பட்டையை ‘அத்தியாவசியம் இல்லை’ என்று வெட்டினால், பாதிக் கிணறு தாண்டச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். எத்தனை யூனிட் போடுவது என்று சர்க்கரையைப் பார்க்காமல் நான் எப்படி முடிவு செய்வேன்? கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுபவள் என்ன செய்வாளோ அதைச் செய்வேன்: பயந்து, குறைத்துப் போடுவேன். குறைத்துப் போட்டே 15, 20 ஆண்டு ஓட்டினால் கண், சிறுநீரகம், பாத நரம்பு என்று வரிசையாகக் கணக்குத் தீர்க்க வருவார்கள். அந்தக் கணக்கும் உங்கள் மேசைக்குத்தான் வரும், வேறு துறையின் கோப்பில்.

ஊசியையும் இதே வரியில் எழுதிவிடுகிறேன். மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் ஒரே சமயத்தில் புழங்கும் இடங்கள் இன்னும் உண்டு. 100 யூனிட் குப்பியை அனுப்பிவிட்டு, 40-க்கு உரிய ஊசியை அனுப்பினால், கோடு பார்த்து இழுப்பவர் உடம்பில் இரண்டரை மடங்கு மருந்து போகும். இரண்டு தனித்தனி ஒப்பந்தம், இரண்டு தனித்தனி கையெழுத்து. யார் மேலும் தவறில்லை என்றுதான் விசாரணை முடியும்.

பழைய கதை ஒன்று சொல்ல ஆசை. நீளமாகச் சொல்ல மாட்டேன்.

1922 ஜனவரி 11-ந் தேதி டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாகக் கணையச் சாறு ஊசியாகப் போடப்பட்டது. அவன் எடை சுமார் 30 கிலோ. அதுவரை இந்த நோய்க்குத் தெரிந்த ‘சிகிச்சை’ பட்டினிதான். கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதற்கு வைத்த மரியாதையான பெயர். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை, குத்திய இடத்தில் சீழ் வைத்தது. ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் சாற்றைச் சுத்தம் செய்து கொடுத்து, 23-ந் தேதி மறுபடி போட்டபோது சர்க்கரை இறங்கியது. பையன் மேலும் 13 ஆண்டு வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது அடுத்து நடந்தது. அந்த வசந்த காலத்திலேயே காலிப்புக்குச் செய்முறை கைதவறிப் போனது. அதே சாறு, அதே மனிதர், அளவு கூடியதும் மருந்து வரவில்லை. உலகின் முதல் இன்சுலின் தட்டுப்பாடு, இன்சுலின் பிறந்த சில மாதத்திலேயே. அவர்கள் இரவு பகலாகப் போராடித்தான் மீட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது ஷாங்காயில் சிக்கிக்கொண்ட ஈவா சாக்ஸ்ல் என்ற பெண்ணுக்கும் முதல் வகை நீரிழிவு. மருந்து வரும் வழிகள் அடைபட்டுவிட்டன. அவரும் கணவரும் எருமைக் கணையங்களை வாங்கி, ஒரு ஆய்வுக்கூடத்தில் இடம் பிடித்து, தாங்களே இன்சுலின் காய்ச்சினார்கள். முயல்களுக்குப் போட்டுச் சோதித்துவிட்டு அப்புறம் தனக்குக் குத்திக்கொண்டார். அங்கே மாட்டிக்கொண்டிருந்த மற்ற நீரிழிவுக்காரர்களுக்கும் கொடுத்தார்கள்.

காலிப்புக்குச் செய்யத் தெரியாமல் போயிற்று. ஈவாவைச் சுற்றிப் போர் நடந்தது. 1982-லிருந்து மரபணுப் பொறியியலில் பாக்டீரியாவும், பிற்பாடு ஈஸ்ட்டும், தொட்டி தொட்டியாக மனித இன்சுலினைச் செய்து தருகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 1977-ல் போட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இன்சுலின் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகு என் சன்னலில் இல்லை என்றால் காரணம் என்ன? ஒரு கோப்பு நகரவில்லை. ஒரு ஒப்பந்தப்புள்ளியின் தேதி தள்ளிப்போனது. நிதியாண்டு முடிந்தது. குளிர்சாதன வண்டி வரவில்லை. எருமைக் கணையத்தோடு மல்லுக்கட்டிய ஈவாவிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

கோபமாக எழுதிவிட்டேன், தெரிகிறது. கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். பெரிய தொகை கேட்கவில்லை. முதல் வகையினரைத் தனி வரியில் எழுதுங்கள். பெயரோடு, வயதோடு, எடுக்கும் வகையோடு. இருப்பைக் குப்பிக் கணக்கில் பார்ப்பதை விடுத்து நாள் கணக்கில் பாருங்கள்: இந்த வரியில் உள்ளவர்களுக்கு இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது? அந்த எண் 60-ஐத் தொடும்போதே அடுத்த கொள்முதல் ஓடத் தொடங்கட்டும். பூஜ்யத்தைத் தொட்ட பிறகு ஓடுவது தாகம் எடுத்த பிறகு கிணறு தோண்டுவது. இன்சுலின், ஊசி, பட்டை மூன்றும் ஒரே உத்தரவில் போகட்டும். வகையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மருத்துவருக்கும் எங்களுக்கும் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். வண்டியில் ஐஸ் கட்டியோடு குப்பி ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். முக்கியமாக ஒன்று: எந்தச் சன்னலிலும், எந்த மாடியிலும், பழைய மருந்துச் சீட்டைக் காட்டுபவருக்கு ஒரு குப்பியை அவசரத்துக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 19 வயதில் எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான்.

ஒவ்வொரு குப்பியையும் திறந்ததும் அதன் மேல் தேதி எழுதி வைப்பது என் வழக்கம். என் குளிர்பெட்டியில் இப்போது இருப்பது ஒன்றே ஒன்று. அதில் எழுதியிருக்கும் தேதிப்படி இன்று 17-ம் நாள். இன்னும் 11 நாளில் சன்னலுக்கு வருவேன். அந்த நாளுக்கு நேரே உங்கள் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே பார்த்துச் சொல்ல முடியுமா?

இப்படிக்கு,
சன்னலுக்கு வெளியே நிற்கும் ஒருத்தி